மணக்கும் ஊரில் மணம் இழந்தவர்கள்



காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் இளம் மருத்துவர்கள், சித்த மருத்துவ அன்பர்கள், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மாணவர்கள், இவர்களோடு ஏலக்காய் விவசாயிகளும் வியாபாரிகளும் ஒரே அரங்கில் கூடியிருக்கிறீர்கள். மூக்கைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான அவை அமையாது. ஏலக்காய் வியாபாரம் நடக்கும் நம் போடியில் மூக்கு ஒரு தொழில் கருவி. மின்னணு ஏலம் வந்த பிறகும், மாதிரிக் காயின் பச்சையையும் பருமனையும் பார்த்துவிட்டு, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்க்கிற பழக்கம் நம் வியாபாரிகளை விட்டுப் போகவில்லை. வண்டன்மேடு, பூப்பாறைப் பக்கத்து ஸ்டோர்களில் இரவெல்லாம் காய் உலர்த்துகிறவருக்குச் சூடு ஏறிவிட்டதா என்பது வாடையிலேயே பிடிபடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வந்து, “மூக்குல எந்நேரமும் ஒரு கெட்ட வாடை அடிக்குது டாக்டர்” என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? சளி மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதி அனுப்பிவிடுகிறோம். மருந்துச் சீட்டை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: அந்த வாடை உங்களுக்கு மட்டும் தெரிகிறதா, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரிகிறதா?

பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்தால் அழுகுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அடுத்து, ஒரு பக்கமா இரு பக்கமா என்று பார்க்க வேண்டும். சிறுபிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமெடுத்த சளி வடிந்தால் புளியங்கொட்டையோ பென்சில் ரப்பரோ உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொண்டு தேடுங்கள். அது பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்தில் நடுச்சுவரையே அரித்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் சீழ் வாடை வந்தால் அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பாருங்கள். வேரில் பிடித்த சீழ் கன்னத்துச் சைனஸுக்குள் ஏறியிருக்கலாம். பல் மருத்துவர் கைவைக்காமல் அந்தச் சைனஸ் ஆறாது.

இரண்டு பக்கமும் காய்ந்து, பச்சைநிறப் பொருக்குத் தட்டி, அறைக்குள் நுழைந்ததும் வாடை அடித்தால் அது ஓசீனா. இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். உள்சவ்வு சுருங்கிப்போய், மணம் அறியும் நரம்புகளும் அதோடு செத்துவிடுவதால் நோயாளிக்குத் தன் நாற்றம் தெரியாது. பிறர் விலகிப் போவதுதான் தெரியும். பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் புரியாமலே ஒரு பெண் வருடக்கணக்கில் ஒடுங்கிப்போகிறாள். இவர்களுக்கு நம் முதல் மருத்துவம் மரியாதை. அடுத்தது நாள்தோறும் உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவதும், கிளிசரினில் குளுக்கோஸ் கலந்த சொட்டு மருந்தும். இதற்கும் அடங்காதவர்களுக்கு, நாசித் துவாரங்களைச் சில காலம் மூடி உட்சவ்வைத் தேற விடும் யங் அறுவை சிகிச்சை உண்டு.

கழுவும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஓடைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். 2024இல் அண்டையிலுள்ள கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலுக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அந்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

இனி, நோயாளிக்கு மட்டும் தெரியும் வாடை. கொரோனாவுக்குப் பிறகு நம்மை அதிகம் திணற வைத்தது இதுதான். ஏலக்காய் தரம் பிரிக்கும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: “காபி கிட்ட வந்தாலே ரப்பர் கருகின வாடை. வெங்காயம் வதக்கினா குமட்டுது. ஏலக்காயை மோந்தா ஜில்லுனு ஏறுது, ஆனா மணம் மட்டும் இல்லய்யா.” இதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் சொல்லிவிடாது. ஏலக்காய் எண்ணெயின் முக்கியக் கூறுகளில் ஒன்று சினியோல். யூகலிப்டஸ் தைலத்தில் நிறைந்திருப்பதும் அதுவே. மண நரம்பைத் தொடுவதோடு, முகத்து உணர்வைக் கொண்டுசெல்லும் முப்பெருநரம்பையும் அது தொட்டுக் குளிர்ச்சியை உண்டாக்குகிறது. அந்த அம்மாவுக்கு முன்னது கெட்டு, பின்னது பிழைத்திருந்தது. ஆகவே ஏலக்காயையோ தைலத்தையோ மட்டும் நீட்டி, “தெரியுதா?” என்று கேட்டுச் சோதனையை முடித்துவிடாதீர்கள். தெரிகிறது என்றுதான் சொல்வார்.

காபி ஏன் கருகுகிறது? 2022இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழுவினர், காபி மணத்தைக் கூறு கூறாகப் பிரித்து இத்தகைய நோயாளிகளிடம் முகரக் கொடுத்தார்கள். பலருக்கும் குமட்டலைக் கிளப்பியது, வறுத்த மணத்துக்குக் காரணமான கந்தகம் கலந்த ஒரு மூலக்கூறு. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றின் நரம்புகள் சிதைந்து மீண்டும் முளைக்கும்போது செய்தி அரைகுறையாகப் போய்ச் சேர்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். மணமே இல்லாதிருந்தவருக்குத் திரிந்த மணம் வரத் தொடங்கினால் அது பல நேரம் நரம்பு தேறுவதன் அடையாளம். இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதிப் பயம் அங்கேயே தணியும்.

இதற்கு மாத்திரை கிடையாது, பயிற்சி உண்டு. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலை மாலை இருவேளை, 12 வாரம் முகரச் செய்து, பலருக்கு மணத்திறன் கூடுவதைக் காட்டினார்கள். ரோஜாவும் எலுமிச்சையும் கிராம்பும் எந்தப் பூக்கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். யூகலிப்டஸுக்கு ஈடாக நம் ஏலக்காயை வைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. முறையாகச் சோதிக்க வேண்டிய யோசனை.

எதுவுமே அருகில் இல்லாதபோது கருகல் வாடை திடீரென்று வந்து, சில நொடிகளில் மறைந்து, கூடவே நினைவும் தடுமாறினால் அது மூளையின் பொட்டு மடலில் எழும் வலிப்பாக இருக்கக்கூடும். அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

மலைச்சரிவில் மருந்தடிப்பவர்களையும் மறக்கக் கூடாது. பூச்சிமருந்து பெருமளவில் மேலே பட்ட விவசாயிகளிடம் மணத்திறன் குறைவு கூடுதலாக இருப்பதை 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் சரிவுகளிலும் அதை அளந்தாக வேண்டும்.

இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளம் மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரோஜாப் பன்னீர், கிராம்பு, காபித்தூள், ஏலக்காய் அடைத்த நான்கு சிறு பாட்டில்களை உங்கள் மேசையில் வையுங்கள். வாடை என்று வருகிறவரின் ஒரு மூக்கை மூடி, மறு மூக்கில் காட்டி, அவர் சொல்வதை அப்படியே சீட்டில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் இரத்தம் கலந்த சளியும் என்று வருகிறவரை அன்றே உள்நோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புற்றுநோயை முளையிலேயே பிடிக்க அந்த ஒரு நாள் உதவும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.