வடகரா மீனாட்சி அம்மாவும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மகளிர் தினத்தில் ரிட்டையர் ஆன ஒரு பேங்க் கிளார்க் என்ன பேசுவது என்று செயலாளரிடம் கேட்டேன். "யாராவது ஒரு பெண்மணியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார், போதும்" என்றார். ஜான்சி ராணியையும் வேலு நாச்சியாரையும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அதனால் நம் காலத்திலேயே, கையில் கம்போடும் வாளோடும் வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் மீனாட்சி அம்மா. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம், வடகரா. களரி ஆசான். அங்கே 'குருக்கள்' என்பார்கள். நம் கன்னியாகுமரி பக்கம் வர்மக்கலை சொல்லித் தருபவரை 'ஆசான்' என்று அழைப்பது போலத்தான் இதுவும். 2017-இல் மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அதற்குச் சற்று முன்னால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன்னைவிட மிகவும் இளையவரோடு அவர் மோதும் ஒரு வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வீடியோ இரண்டு நிமிடம் ஓடும். அதற்குப் பின்னால் அறுபது வருஷத்துக்கும் மேலான பயிற்சி இருக்கிறது.

ஏழு வயதில் அப்பா கொண்டுபோய்க் களரியில் சேர்த்தார். நாட்டியம் கற்றுக்கொண்டிருந்த பிள்ளை அவர். உடம்பு நன்றாக வளையும் என்பதற்காகச் சிறு வயதுப் பெண்களைக் களரிக்கு அனுப்புவது அங்கே வழக்கம்தான். பெண் பெரியவளானதும் நிறுத்திவிடுவதும் வழக்கம்தான். மீனாட்சி அம்மா நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டாம் என்று அவருடைய அப்பாவே நினைத்தார். அந்த வாழ்க்கையில் மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை என்பது என் அபிப்பிராயம்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ராகவன் குருக்கள், பள்ளி ஆசிரியர். பிற்பாடு பதினேழு வயதில் மீனாட்சி அம்மா அவரையே மணந்துகொண்டார். ராகவன் குருக்களின் கதையும் கேட்க வேண்டியது. இளம் வயதில் களரி கற்கப் போனபோது, தீயர் சாதி என்பதால் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் கோபப்பட்டு வீட்டில் உட்காரவில்லை. 1949-இல் 'கடத்தநாடன் களரி சங்கம்' என்று தாமே ஒரு களரி தொடங்கினார். எந்தச் சாதி, எந்த மதம், ஆணா பெண்ணா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கட்டணமும் கிடையாது. குருதட்சிணையாக அவரவர் விரும்பியதைக் கொடுக்கலாம்.

பி.காம். படித்து, வாழ்நாள் முழுக்க வரவு செலவு பார்த்த எனக்கு இந்தக் கணக்கு லேசில் பிடிபடவில்லை. வரவுப் பக்கம் காலி. ஆனாலும் நிறுவனம் எழுபது வருஷம் தாண்டி நிற்கிறது. கணவர் மறைந்த பிறகு மீனாட்சி அம்மாவே குருக்கள் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் நால்வரும் களரி கற்றவர்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அவரிடம் வந்து படித்திருக்கிறார்கள். அதில் பெண்பிள்ளைகள் கணிசமானவர்கள்.

களரி எப்படி இருக்கும் என்று சின்னவர்களுக்குச் சொல்ல வேண்டும். தரையைச் சில அடி ஆழத்துக்குத் தோண்டி, 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் பள்ளமாக அமைப்பார்கள். வாசல் கிழக்குப் பார்த்து இருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படியோடு 'பூத்தறை' என்று ஒரு வழிபாட்டு மேடை. நம் ஆரணிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். குழித்தறியில் பள்ளத்துக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற ஊர் அல்லவா நம்முடையது!

பயிற்சியில் நான்கு கட்டங்கள். முதலில் மெய்த்தாரி, வெறும் உடம்புக்கான பயிற்சி. பிறகு கோல்த்தாரி, மரத்தாலான கம்புகள். அடுத்து அங்கத்தாரி, அதாவது வாள், ஈட்டி, கேடயம் போன்ற உலோக ஆயுதங்கள். சுருள்வாளான உறுமியும் இதோடு சேர்ந்ததுதான். அதை வீசத் தெரியாதவன் முதலில் தன் காதைத்தான் அறுத்துக்கொள்வான். கடைசியில்தான் வெறுங்கை. கராத்தே வகுப்பு பார்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆயுதம் எவ்வளவு தூரம் வரும், எந்தக் கோணத்தில் வரும் என்று தெரிந்தவனால்தானே வெறுங்கையால் அதைச் சமாளிக்க முடியும்? அத்தோடு மர்ம இடங்கள், எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உழிச்சல் எல்லாம் உண்டு. அடிக்கத் தெரிந்தவருக்கே அடிபட்டதைச் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே முறை.

இந்தக் கலை ஒரு காலத்தில் அழியப் பார்த்தது. பழசி ராஜா 1805-இல் கொல்லப்பட்டார். அந்தக் கலகக் காலத்தில் வெள்ளைக்காரன் மலபாரில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டான். அதன் பிறகு வீட்டுப் புறக்கடைகளில் ஒளிந்து கிடந்த கலையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலச்சேரிப் பக்கம் கோட்டக்கல் கணாரன் குருக்கள் போன்றவர்கள் மீட்டெடுத்தார்கள். வடகராவைச் சுற்றியுள்ள கடத்தநாடு, வாள் பிடித்த உண்ணியார்ச்சையைப் பற்றி வடக்கன் பாட்டுகள் பாடுகிற பூமி. ஆனால் பாட்டில் ஒரு பெண் வாள் பிடித்தால் ஊரே மெச்சும். சொந்த வீட்டில் ஒரு பெண் பிடித்தால் 'போதும்மா, நிறுத்து' என்பார்கள். கேரளாவில் மட்டுமா?

நம் கீழ்த்தள ஹாலுக்கு வருகிறேன். செவ்வாய், வெள்ளி மாலை சிலம்ப வகுப்பு நடக்கிறது. வருகைப் பதிவேடு எழுதுவது நான்தான், பழைய தொழில் விடுமா? அந்தப் பதிவேட்டில் ஏழாம் வகுப்பைத் தாண்டிய பையன்கள் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்பைத் தாண்டிய பெண்பிள்ளை ஒருத்திகூட இல்லை. சண்டையோ புகாரோ எதுவும் இல்லை, ஒவ்வொரு பெயராக, சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

காரணம் விசாரித்தேன். டியூஷன் என்கிறார்கள். பையனுக்கும் அதே டியூஷன்தான். "பெரிய பொண்ணாயிட்டா, இன்னும் எதுக்கு சார் கம்பு சுத்திக்கிட்டு" என்றார் ஒரு தாய். நம் ஊர்த் தறி வீடுகளில் பெண்பிள்ளை தார் சுற்றும் வேலையை, வயசுக்கு வந்துவிட்டாள் என்று யாரும் நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்னொருவர், ஆசான் ஆண், மாலை இருட்டிவிடுகிறது என்றார். இது நியாயமான கவலை. இதற்கு வழி செய்யலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு தாய்மார்கள் முறை வைத்து ஹாலில் உட்காரட்டும். ஹால் விளக்குகளில் இரண்டு எரியவில்லை. மாற்றித் தருவதாகப் பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சிலம்பம் கற்றால் உங்கள் பெண்ணை யாரும் தொட முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி வகுப்பு நடத்துபவர்களை நம்பவும் வேண்டாம். பஸ்ஸில் கையில் கம்பு இருக்காது. ஆனால் பதின்மூன்று வயதில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கப் பழகுகிற வயதில், வாரம் இரண்டு நாள் காலை அகட்டி நிமிர்ந்து நிற்பது சிறிய விஷயம் இல்லை. கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கு இன்னொன்று: தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

மீனாட்சி அம்மா கட்டணம் வாங்குவதில்லை என்று சொன்னேன். உடனே நம் ஆசானின் கட்டணத்தைக் குறைக்கலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ராகவன் குருக்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் இருந்தது. நம் ஆசானுக்கு இதுதான் பிழைப்பு, பஸ் டிக்கெட்டும் அவர் செலவு.

அடுத்த செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வகுப்பு. நின்றுபோன பெண்பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன, நான் அடிக்கவில்லை. ஹாலில் உட்கார முன்வரும் தாய்மார்கள் இன்று போகும்போது வாட்ச்மேன் அறையில் இருக்கும் நோட்டில் பெயரையும் வசதியான நாளையும் எழுதிவிட்டுப் போங்கள்.