பேரா, பிரஷர் மருந்தா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் குழுத் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் மேடையில் இன்றைக்கு ஏன் பாரிசவாதம் என்று சிலர் யோசிக்கலாம். உங்கள் பிரிவில் கை கால் இழுத்துப்போய்ப் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் வேலை செய்கிற வயதில் விழுந்தவர்கள்? அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டி கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திய மனைவி, மகள், மருமகள் எத்தனை பேர்? அதனால்தான் இதைச் சங்கத்தின் வேலை என்று சொல்கிறேன்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று விழுந்தால் 'முனி அடிச்சிருச்சு' என்பார்கள். அடி விழுந்தது மூளையில். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டிருக்கும், அல்லது வெடித்து இரத்தம் கசிந்திருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். எது என்று சீ.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்றால், தகுதியுள்ள நோயாளிக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. கசிவு உள்ளவருக்கு அதே ஊசி எமனாகிவிடும். ஆகவே ஸ்கேன் இல்லாத இடத்தில் எவ்வளவு கெட்டிக்கார டொக்டர் இருந்தாலும் அந்த ஊசியைப் போட முடியாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் மூளைக் கலங்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்போது தோட்டத்துக் கணக்கைப் போடுங்கள். மலையில் ஒருவர் விழுகிறார். கங்காணிக்குச் சொல்லி, அவர் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, லொறி கேட்டு, டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பக்கத்து வைத்தியசாலை, பிறகு அங்கிருந்து ஸ்கேன் உள்ள பெரிய வைத்தியசாலை. நாலரை மணி நேரம் எங்கே போனது என்று தெரியாது.

இதில் நம் கையில் உள்ள பகுதியை முதலில் சொல்கிறேன். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. லயத்துக்கு வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் இல்லாததால் அம்புலன்ஸ் வழி தெரியாமல் அலையும். மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்று கொழும்பில் போன் எடுப்பவருக்கு விளங்காது. மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பாலம், எந்தக் கோயில், எத்தனையாவது வளைவு என்று ஒவ்வொரு லயத்துக்கும் இப்போதே எழுதி ஒட்டி வையுங்கள். போன் எடுத்தவுடன் ஒரு பையனைச் சந்திக்கு அனுப்புங்கள். ஸ்கேன் எந்த வைத்தியசாலையில் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்களா என்பதைக் கமிட்டி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்புலன்ஸ் வரும் வரை சாயத்தண்ணி, சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவில் முடியும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எண்ணெய் தேய்ப்பது, நூல் கட்டுவது எல்லாம் பிறகு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். காலையில் எழும்பும்போதே கை வரவில்லை என்றால், இரவு படுக்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு.

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய்க்கு மிகப் பெரிய காரணம் பிரஷர். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலையும் செய்யலாம். ஆகவே இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் என்ன நடக்கிறது? மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். விடியற்காலை பஸ் ஏறி, நம்பர் எடுத்து, காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அன்றைய பேர் போய்விட்டது. பஸ் காசு வேறு. இரண்டு மாதம் போவார், மூன்றாவது மாதம் 'தலை சுத்தல் இல்லைதானே' என்று விட்டுவிடுவார். கிளினிக் கொப்பி பெட்டிக்குள் போய்விடும். இதைத் தொழிலாளியின் அறியாமை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிசிக்கும் மாத்திரைக்கும் நடுவில் நின்று அவர் போட்ட கணக்கு அது.

மருந்து விலை கூடிய மருந்தும் அல்ல, அரச வைத்தியசாலையில் இலவசம். நம் நாட்டிலேயே 700 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. குறைந்த அளவில் மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழமையான முறையில் 55 பேருக்கு. நகரத்து வைத்தியசாலை கிளினிக்குகளில் நடந்த ஆய்வு அது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அந்த வசதி எப்போது வரும் என்று கேட்க வேண்டியது நாம்.

2020இல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் கிளினிக் நோயாளிகளுக்கு மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்ப அரசாங்கம் ஏற்பாடு செய்தது. மனம் வைத்தால் மருந்து ஆளைத் தேடி வரும் என்பதற்கு அது சாட்சி. (நமக்கு வரும் கடிதமே தோட்ட ஒபீசில் கிடக்கும் என்பது வேறு கதை.) ஆகவே கிளினிக் கொப்பியில் திகதி முத்திரை இருந்தால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும் என்பது நமது முதல் கோரிக்கை. அது முடியாது என்றால் மாதம் ஒருமுறை டொக்டரும் மருந்தும் தோட்டத்துக்கு வரட்டும். தொழிலாளியின் வைத்தியத்தில் தோட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பு உண்டு என்பது 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே உள்ளது. சலுகை கேட்பது போலத் தலை சொறிய வேண்டாம்.

வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், நம்மைப் போன்ற நாட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்பது பொய். மூளையில் இரத்தம் கசிந்தவர்கள் 7,000க்கும் மேற்பட்டோரை வைத்து, இலங்கை உட்பட 10 நாடுகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. பிரஷரை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே இறக்குவது, சுகரையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் அதன் வேகத்தை முறிப்பது. இவ்வளவுதான். இதை ஒழுங்காகச் செய்த வைத்தியசாலைகளில் கூடுதலானோர் தங்கள் வேலையைத் தாங்களே செய்யும் நிலைக்குத் திரும்பினார்கள். இதற்கு வேண்டியது போதுமான தாதியர்.

வீட்டுக்கு வந்த பிறகு? இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளிகளை எடுத்து, ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே உடற்பயிற்சி கொடுப்பது, நடக்க வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 2017இல் வந்த முடிவு: ஆறு மாதத்துக்குப் பிறகு மற்றப் பாதிக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. குடும்பத்தார் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. படுத்தவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும் புண் வராமல் பார்க்கவும் அவர்கள்தான் வேண்டும். ஆனால் 'வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள்தானே, பார்த்துக்கொள்வார்கள்' என்று சுகாதார அதிகாரிகள் சொன்னால் இந்த ஆய்வை எடுத்துச் சொல்லுங்கள். பிசியோதெரபி தெரிந்தவர் தோட்டப் பகுதிக்கு வர வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் தலைவியும் ஒரு பட்டியல் கொண்டு வாருங்கள். பிரிவில் கிளினிக் போகிறவர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் போகாமல் விட்டவர்கள் எத்தனை பேர், ஏன் விட்டார்கள். கம்பெனியோடு பேசும் மேசையில் அதைத்தான் வைக்கப் போகிறோம்.

இரண்டு பிரஷர் கருவி கொண்டு வந்திருக்கிறோம். 35 வயது தாண்டிய எல்லோரும் சாப்பிடப் போகுமுன் பின்பக்க மேசையில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டுப் போங்கள். மேடையில் இருப்பவர்களும்தான்.