பக்கத்தில் ஒருவன்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உருப்படியாப் பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

பாகூரில் என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அவருடைய மோட்டார் கொட்டகையில் ஈஎஸ்பி 8266 ஒன்றை வைத்துக் கொடுத்தேன். ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் சந்தைக்குக் கொண்டுவந்த வைஃபை மைக்ரோகண்ட்ரோலர் அது. மோட்டாரைப் போடும், நிறுத்தும். புரோகிராமை மாற்ற வேண்டுமென்றால் நான் புதுச்சேரியில் உட்கார்ந்தபடியே அனுப்புவேன். இன்டர்நெட் வழியாகப் பெரியப்பா வீட்டு ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து காற்றிலேயே கொட்டகைக்குப் போகும். பெருமையாகத்தான் இருந்தது.

ஓர் ஐப்பசி மாத இரவு, நல்ல மழை. அனுப்பிய புரோகிராமில் ஒரு பிழை. தொடங்கியதும் ரிலேயைப் போட்டது, நெட்வொர்க்கில் சேருவதற்கு முன்பே விழுந்தது, மறுபடி தொடங்கியது, மறுபடி விழுந்தது. திருத்தி அனுப்பலாமென்றால், வாங்கிக்கொள்ள அது நெட்வொர்க்கிலேயே இல்லை! பெரியப்பா போன் செய்தார். "டேய் தம்பி, ஸ்டார்ட்டர் டக்கு டக்குனு அடிச்சிக்குதுடா, காயில் போயிடும்போல இருக்கு."

எழுபது வயது மனிதர். முழங்கால் தண்ணீரில் டார்ச்சோடு போய் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார். அந்தத் தண்ணீரில் மின்சாரம் கசிந்திருந்தால்? அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிறகுதான் யோசித்தேன். தன்னுடைய புரோகிராமைத் தானே மாற்றிக்கொள்வது என்பது தனக்குத் தானே அறுவை சிகிச்சை செய்துகொள்வது மாதிரி. நடுவில் மயக்கம் வந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது. ஆனால் இந்தச் சிப்புக்குள் ஒரு சின்ன புரோகிராமைத் தொழிற்சாலையிலேயே ரோமில் பதித்திருக்கிறார்கள். நாம் என்ன தப்பு செய்தாலும் அது அழியாது. ஜிபிஐஓ 0 என்ற பின்னைத் தரையோடு இணைத்து வைத்து ரீசெட் கொடுத்தால் அது விழித்துக்கொள்ளும். "புதுசு இருந்தா சீரியல் கம்பியில அனுப்பு" என்று காத்திருக்கும். யாராவது பக்கத்தில் நின்று அந்தப் பின்னைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் மனிதனாகத்தான் இருக்க வேண்டுமா?

பக்கத்தில் இன்னொரு ஈஎஸ்பி வைத்தேன். ஐந்தே கம்பி. இதன் அனுப்பும் பின் அதன் வாங்கும் பின்னுக்கு, அதன் அனுப்பும் பின் இதன் வாங்கும் பின்னுக்கு. ஒன்று ரீசெட்டுக்கு, ஒன்று ஜிபிஐஓ 0-வுக்கு, ஒன்று பொதுத் தரை. இரண்டுமே 3.3 வோல்ட் என்பதால் நேரடியாக இணைக்கலாம். புதிய புரோகிராம் வைஃபையில் இரண்டாவதுக்கு வரும். அது கம்பியில் முதலாவதுக்கு எழுதும். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் நாலு லட்சம் பைட்டுக்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்.

"அந்த இரண்டாவது கெட்டுப்போனா?" என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி! அதற்கு ஒரே வேலைதான் கொடுக்க வேண்டும். ஒருமுறை சரியாக எழுதி, நன்றாகச் சோதித்து, பிறகு தொடவே கூடாது. கடவுச்சொல்லும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வழியில் போகிறவன்கூட உங்கள் மோட்டாரை ஓட்டுவான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வயலெல்லாம் ஏரி. பெரியப்பா வீட்டுக்குக் கரண்ட் திரும்பியதும் பார்த்தேன். முதல் மாட்யூல் பதில் சொல்லவில்லை. சோலார் பேட்டரியில் ஓடிய இரண்டாவது சொன்னது. அதன் வழியாக, மோட்டாரைப் போடவே கூடாது என்று ஒரு சின்ன புரோகிராமை முதலாவதில் எழுதினேன். "யாரும் தண்ணியில இறங்க வேணாம் பெரியப்பா" என்றேன். யாரும் இறங்கவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ஐ எண்ணிப் பாருங்கள். பிரக்யான் ஊர்தி பூமியோடு நேராகப் பேசாது. விக்ரம் லேண்டரோடு மட்டும்தான் பேசும். நம் கட்டளை விக்ரம் வழியாகத்தான் அதற்குப் போயிற்று. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக் டிப்ளமாவில் தொடங்கியவர் என்பதைத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. படிப்பு முடிந்து முதல் இரண்டு வருடம் வேலையில்லாமல் நான் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தேன். போனை எடுக்கவில்லை. இதோ முன்வரிசையில் இருக்கும் என் சீனியர் ஒருவர்தான் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டி, என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். எனக்கு ரீசெட் கொடுத்தவர் அவர். இந்தச் சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நம்மில் யாராவது பதில் சொல்லாமல் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் போய்ப் பாருங்கள்.