அழாத பிள்ளையை முதலில் பாருங்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், சுகாதார சேவையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தாதியராகவும் வைத்தியர்களாகவும் மருத்துவமாதுக்களாகவும் இருக்கும் எங்கள் சிலரைப் பிள்ளைகளின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். அது கடல் போன்ற தலைப்பு. நாங்கள் ஒரேயொரு நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருபது பிள்ளைகள் காத்திருக்க, எந்தப் பிள்ளையை முதலில் உள்ளே எடுப்பது என்று தீர்மானிக்கும் நிமிடம் அது.

எங்கள் மாவட்டத்தில் வைத்தியசாலைக்கு வந்து சேருவதே ஒரு பயணம். மூதூரிலிருந்து லாஞ்சில் துறைமுகத்தைக் கடந்து நோயாளர் வந்த காலம் இங்கு பலருக்கு நினைவிருக்கும். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கும் பாதையில் ஏறித்தான் போனோம். இப்போது 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வருகிறது. ஆனாலும் வெருகலிலிருந்தோ கோமரங்கடவலயிலிருந்தோ ஒரு தாய் பிள்ளையைத் தூக்கி வந்து சேரும்போது நேரம் நிறையப் போயிருக்கும். அதற்கு மேல் துண்டு எடுக்கும் வரிசையில் போகிற நேரம் எங்கள் கணக்கில் சேர வேண்டியது.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பல வருடங்களுக்கு முன், எங்களில் இருவர் கடமையாற்றிய ஒரு வைத்தியசாலை. ஊரைச் சொல்லவில்லை. நெற்றி வெடித்த ஒரு பையன் சட்டையெல்லாம் இரத்தத்தோடு கத்திக்கொண்டு வந்தான். பின்னால் தகப்பன், சித்தப்பா, அயலவர் என்று ஒரு கூட்டம். நாங்கள் அவனிடம் ஓடினோம். வாங்கிலே ஒரு அம்மம்மாவின் தோளில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை சாய்ந்து கிடந்தது. நான்கு நாள் காய்ச்சல், அன்று காலையில் விட்டுவிட்டது என்றார் அம்மம்மா. தேர்மோமீற்றர் வைத்துப் பார்த்தோம், காய்ச்சல் இல்லை. பேர் கேட்டோம், சொன்னது. "கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனோம். இரண்டு தடவை அந்த வாங்கைக் கடந்து போயிருக்கிறோம். இரண்டாவது தடவை அம்மம்மா, "மிஸ்ஸி, இது எங்கட பிள்ளை மாதிரியே இல்லை" என்றார். அதற்கும் "இருங்கோ" என்றோம்.

வாங்கை நகர்த்த வந்த சிற்றூழியர் ஐயாதான் எங்களைக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, இந்தப் பிள்ளைட கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு." டெங்கு அதிர்ச்சி நிலை. நாடி கைக்கு அகப்படவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்தது. அதில் எங்கள் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. நெற்றி வெடித்த பையனுக்கு நான்கு தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினோம்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். குருதிக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். அது 24 முதல் 48 மணித்தியாலம் நடக்கும். பிள்ளையின் உடல் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். ஆகவே பிள்ளை பேசும், பேர் சொல்லும், இரத்த அமுக்கத்தின் மேல் எண்கூடச் சரியாக இருக்கும். கால் மட்டும் குளிர்ந்துவிடும். காய்ச்சல் விட்ட பிள்ளை எழும்பி விளையாடிச் சாப்பாடு கேட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் சுருண்டு கிடந்தால், வயிற்றைப் பிடித்து அழுதால், விடாமல் சத்தி எடுத்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர் பதிவானார்கள். அவ்வருட மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கு யாரும் மறக்கவில்லை. பப்பாசி இலைச் சாற்றை நம்பி ஒரு நாளைக் கடத்திய குடும்பங்களை அப்போது நிறையவே பார்த்தோம்.

வாசலில் நாங்கள் என்ன பார்க்கிறோம்? உலக சுகாதார நிறுவனம் தாதியருக்குக் கற்பிக்கும் முறையில் கருவி ஒன்றும் பெரிதாக வேண்டியதில்லை. முதலில் மூச்சு வருகிறதா, தடைப்படுகிறதா, நாக்கு நீலமா. பிறகு கை குளிர்ந்திருக்கிறதா. குளிர்ந்திருந்தால் விரல் நகத்தை அழுத்தி விட்டு, வெளிறிய இடம் மூன்று செக்கனுக்குள் சிவக்கிறதா என்று பார்ப்போம். பிள்ளைக்கு உணர்வு இருக்கிறதா, வலிப்பு வருகிறதா, வயிற்றோட்டத்தால் கண் குழிவிழுந்து சோர்ந்திருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் வரிசை இல்லை, துண்டு இல்லை, நேரே உள்ளே. இவை இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, எரிகாயம் பட்ட பிள்ளை, மண்ணெண்ணெய் குடித்த பிள்ளை, அலரி விதை தின்ற பிள்ளை போன்றவர்கள் வரிசையின் முன்னுக்கு வர வேண்டும்.

மலாவி நாட்டில் பிளான்டயர் என்ற ஊரில் பெரிய அரச வைத்தியசாலை ஒன்று உண்டு. எங்களைவிட வறிய நாடு. 2001இல் எலிசபெத் மொலினோ என்ற குழந்தை வைத்தியரும் கூட இருந்தவர்களும் அங்கே பிள்ளைகளை வாசலிலேயே பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்; அவசர அறையையும் பக்கத்திலேயே அமைத்தார்கள். முன்பு விடுதியில் சேர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்தார்கள். பிறகு அது 6 முதல் 8 ஆகக் குறைந்தது.

இங்கிலாந்து, கனடாவிலிருந்து வந்திருக்கும் தங்கைமார், "எங்கள் வைத்தியசாலையில் புள்ளி போடுகிறார்களே" என்பார்கள். உண்மை. பிறைட்டனில் 2005இல் தொடங்கிய முறை, பிள்ளையின் நடத்தை, மூச்சு, இரத்த ஓட்டம் மூன்றுக்கும் புள்ளியிடுகிறது. நல்ல முறைதான். ஆனால் அவ்வகை அட்டவணை ஒன்றை ஏழு நாடுகளில் 21 வைத்தியசாலைகளின் விடுதிகளில் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் இறப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. புள்ளியை நிரப்பிவிட்டுப் பிள்ளையைப் பார்க்காமல் போகிற தாதியை எங்களுக்குத் தெரியும். சில இரவுகளில் அது நாங்களேதான்.

அந்த அம்மம்மாவின் சொல்லுக்கு வருகிறோம். லண்டனில் 2021இல் 13 வயது மார்த்தா மில்ஸ் என்ற பிள்ளை இறந்தபின், பெற்றோரின் கவலையைக் கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று தெரியவந்தது. இப்போது இங்கிலாந்தில் பெற்றோர் தாங்களே வேறொரு வைத்தியக் குழுவைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்லும் ஏற்பாடு மார்த்தாவின் பேரிலேயே நடைமுறைக்கு வந்திருக்கிறது. எங்களிடம் அப்படி விதி இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. "மிஸ்ஸி ஏசுவா" என்று பயந்து பேசாமலிருக்கும் தாய்மாரைத் தினமும் காண்கிறோம். சிங்களம் தெரியாத தமிழ்த் தாய், தமிழ் தெரியாத சிங்களத் தாய், இருவருக்கும் அதே பயம். ஏசுகிற மிஸ்ஸிமாரும் இருக்கிறோம், மறுக்கவில்லை. ஏசினாலும் சொல்லுங்கள். "பால் குடிக்குதில்லை", "எழுப்பினாலும் எழும்புதில்லை", "கால் குளிர்ந்து போச்சு" என்று கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். "சுகமில்லை" என்ற ஒரு சொல்லை வைத்து எங்களால் ஒன்றும் பிரிக்க முடியாது.

மூச்சு எண்ணுவதையும் ஒவ்வொருவரும் பழக வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவையோ அதற்கு மேலோ போனால் அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபட்டால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், வாகனத்தைப் பிடியுங்கள்.

தேநீர் நேரத்தில் நாங்கள் நால்வரும் நூலக விறாந்தையில் கைக்கடிகாரத்தோடு இருப்போம். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எண்ணிக் காட்டுகிறோம், நீங்களும் எண்ணிப் பாருங்கள்.