எடைக்குப் போகும் எழுத்தாணி

(பொழிவின் எழுத்துவடிவம்)



சென்ற திங்கள் ஒரு பழம்பொருள் கடையில், நெளிந்த செம்புகளுக்கும் உடைந்த பூட்டுகளுக்கும் நடுவே ஓர் எழுத்தாணி கிடக்கக் கண்டேன். விலை கேட்டேன். கடைக்காரர் அதனை எடுத்துத் துலைத்தட்டில் இட்டார்! சாக்குத் தைக்கும் ஊசியென்று சொல்லி ஒருவர் போட்டுச் சென்றாராம். போட்டவரும் தமிழர், நிறுத்தவரும் தமிழர்.

ஆகவே, முதற்கண் அதனை இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். தலை பருத்திருப்பது குண்டெழுத்தாணி. எழுதப் பழகுவார் கைக்குரியது. முனை நுண்ணியதாயின் கூரெழுத்தாணி, கைதேர்ந்தார்க்குரியது. மேல்முனையில் ஓலையை வாரும் சிறு கத்தியுடையது வாரெழுத்தாணி. ஆணி ஒருபுறமும் கத்தி மறுபுறமுமாகக் கைப்பிடிக்குள் மடங்குவது மடக்கெழுத்தாணி. ஊசியோ பொருளைத் துளைப்பது. எழுத்தாணியோ ஓலையின் மேற்பரப்பைக் கீறுவதன்றித் துளைப்பதன்று. இடக்கைப் பெருவிரல் உகிரில் வெட்டிய சிறு பள்ளத்தில் அதனைச் சார்த்தி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதினர் நம் முன்னோர். அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும்; பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி நிற்பதற்கு இதனையே பெரும்பாலார் கரணியமாகக் கூறுவர்.

இனி, என் பிழையொன்றைச் சொல்லுதல் வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரு வாரெழுத்தாணி உண்டு. இளமையில், கறுத்துக் கிடக்கின்றதே என்று உப்புத்தாள் கொண்டு அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். தண்டில் பொறித்திருந்த பாட்டனார் தந்தையின் பெயர் பாதி போயிற்று. மீதி இரண்டெழுத்து. அவர் எழுதிய சுவடிகளோ, அதற்கு முன்பே ஓர் ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போயின. அப்பெயரை முழுமையாகச் சொல்லுவார் இன்று எங்கள் குடியில் ஒருவருமிலர்.

அந்தக் கருமை அழுக்கன்று. இரும்பு தன்மேல் தானே போர்த்துக்கொண்ட போர்வை. அதனைச் சுரண்டாதீர்கள். பித்தளைப் பிடியைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். முனையைச் சாணை பிடிக்கவே வேண்டா; அம்முனையின் தேய்வு, எழுதிய கையின் தேய்வு. பொடியாக உதிரும் செந்துருவை மட்டும் உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, இரும்புப் பகுதிக்கு மட்டும் தையல் எந்திரத்துக்கிடும் எண்ணெயை ஒரு துளி தடவித் துடைத்துவிடுங்கள். கலைமகள் விழாவன்று நீர் தெளித்துச் சாந்தும் குங்குமமும் அப்பி வைப்பாரும் உளர். வணங்குவது அவரவர் விருப்பம். ஆனால் அவ்வீரம் துருவுக்குத்தான் படையல். வியர்த்த கையால் தொட்டாலும் துடைத்தே வையுங்கள்.

மதிப்பு யாதெனக் கேட்பீர்கள். தனித்துக் கிடக்கும் எழுத்தாணி ஓர் இரும்புத் துண்டு என்றே கடைக்காரன் சொல்லுவான். இன்னார் எழுதியது, இவ்வூரது, இச்சுவடியோடு இருந்தது என்னும் செய்தி சேர்ந்தாலோ, அது வரலாற்றுச் சான்று. ஆதலின் சுவடிக்கட்டையும் எழுத்தாணியையும் பிரிக்காதீர்கள். வீட்டு முதியோரைக் கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளிலெழுதி உடன் வையுங்கள். கருவியின்மேல் எண்ணோ பெயரோ புதிதாகப் பொறிக்காதீர்கள். நூறாண்டு கடந்ததாயின், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதனைத் தனியார் எவரும் அயல்நாட்டுக்கு அனுப்பவியலாது. யானைக்கோட்டுப் பிடியாயின் விற்பதே குற்றம். வைத்துக் காக்க இயலாதார், 1981இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ, சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ அணுகிக் கேட்கலாம். எடைக்கு மட்டும் போடாதீர்கள்.

அக்கடையில் கிடந்ததை நிறுத்த விலைக்கே வாங்கி வந்துள்ளேன். உடன்வந்த செய்தி ஒன்றுமில்லை. இதோ, முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள். தண்டின் இடப்புறத்தில் ஏதோ எழுத்துப் போலத் தெரிகின்றது. கண்கூர்மையுடைய இளைஞர் எவரேனும் படித்துச் சொல்லுங்கள்.