ஏ.ஐ. சொல்லும் மழையும் நம் முன்னேற்பாடும்

(அறக்கட்டளையின் மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட இது அதிகம். பக்கத்துத் திருச்செந்தூரில் 69.

"இப்போதுதான் ஏ.ஐ. மழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே, இனி என்ன பயம்?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு நாம் சரியான பதில் சொல்லியாக வேண்டும்.

கூகுள் டீப்மைண்ட் உருவாக்கிய கிராஃப்காஸ்ட், 1979 முதல் 2017 வரையிலான வானிலைப் பதிவுகளைக் கொண்டு பயிற்சி பெற்றது. பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணிக்கிறது. ஐரோப்பிய வானிலை மையமும் 2025 முதல் இத்தகைய முறையை அன்றாடப் பணியில் பயன்படுத்துகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் நடந்ததைப் படித்துத்தான் இயந்திரம் நடக்கப்போவதைச் சொல்கிறது. கிராஃப்காஸ்ட் பூமியைச் சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அபூர்வமான பெருமழையையும் குறைத்தே மதிப்பிடும் சுபாவம் இந்த முறைகளுக்கு உண்டு. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், கடும்புயல்களின் பதிவுகளை நீக்கிவிட்டு ஒரு மாதிரிக்குப் பயிற்சி அளித்தார்கள். பிறகு கடும்புயல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, வலுக்குறைந்த புயல் என்றே அது கணித்தது.

மழையைக் கணிப்பது மறைவான ஞானத்தில் தலையிடுவதாகாதா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். மேகத்தைப் பார்த்து மீனவர் படகைக் கரையேற்றுவது போன்ற அனுமானமே இது. அறுதியான அறிவு அல்லாஹ்விடமே உள்ளது.

ஆகவே செல்போனில் தெரியும் எண் சிறியதாக இருக்கிறதே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். வானிலைத் துறையின் கணக்கில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் 'அதி கனமழை'. 21 பெய்தாலும் அதே பெயர்தான், 95 பெய்தாலும் அதே பெயர்தான். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால், எவ்வளவு பெய்யும் என்று வாதிட்டுக்கொண்டிராமல் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிட வேண்டும்.

மதரஸாவின் மாடியை நாங்கள் திறந்து வைப்போம். எந்தச் சமுதாயத்தவரும் அங்கே வந்து தங்கலாம். டயாலிசிஸ் செய்பவர்கள், கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் பற்றிய விவரத்தைத் தெருவாரியாக இந்த வாரமே எங்களிடம் கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மழை வருவதை இயந்திரம் சொல்லக்கூடும். பக்கத்து வீட்டு மூதாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேற நாம்தான் போக வேண்டும். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.