குறட்டையின் நடுவே நிற்கும் மூச்சு

வீட்டில் ஒருவர் உரத்துக் குறட்டை விட்டால் அவருக்குக் கும்பகருணன் என்று பெயர் சூட்டிச் சிரிப்பது வழக்கம். அவர் நன்றாக உறங்குகிறார் என்று எண்ணுவோரும் உளர். உண்மையோ பெரும்பாலும் அதற்கு மாறானது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, மூச்சுவழி குறுகுகிறது. அக்குறுகிய வழியே காற்றுச் செல்லுகையில் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்வதே குறட்டை. இம்மட்டில் நின்றால் பக்கத்தில் படுத்தவருக்கே தொல்லை. சிலருக்கு அவ்வழி முற்றாக அடைபட்டுவிடுகிறது. குறட்டை திடீரென ஓயும்; 10 விநாடி, சிலவேளை அரை நிமிடம் மூச்சே இராது; பின்பு ஒரு திணறலோடு மீளும். மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ இவ்வாறு நிகழின், அதனை உறக்க மூச்சுத்தடை என்னும் நோயாக வைத்தியர் ஐயுறுவர். ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை பதறி விழிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. விடிந்தபின் இவை எவையும் நினைவில் இரா. தலையிடியும் களைப்புமே எஞ்சும். நாளடைவில் உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றுக்கும் இது வழிகோலும்.

வன்னியில் இந்நோய்க்கு இன்னொரு முகமும் உண்டு. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் வழியாகக் கிளிநொச்சி செல்லும் கண்டி வீதியில், 2009இல் போர் முடிந்தபின் இரவுப் பேருந்துகளும் லொறிகளும் மலிந்துவிட்டன. முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கிக் கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்படும் சாரதிக்கு, முதல்நாள் உறக்கம் மூச்சுத் திணறலிலேயே கழிந்திருப்பின் கண் சொருகாமல் என் செய்யும்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி, 3 விநாடியில் 50 மீற்றரைக் கடந்துவிடும். வீதியிலே மாடுகள் படுத்திருக்கும் இடங்களும் உள.

தொழில் போய்விடுமென அஞ்சி இதனை மறைப்பது பெருந்தவறு. ஏனெனில் இது தீர்வற்ற நோயன்று. உடற்பருமனைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், உறங்குமுன் கள்ளும் சாராயமும் தவிர்த்தல் ஆகியவை பலருக்குப் பயன்தரும். ஆயினும் தாடை சிறுத்த ஒல்லியருக்கும் இந்நோய் வருவதுண்டு. கடுமையான நிலையில், மூக்கில் பொருத்திய மூடிவழியே காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி உதவுகிறது. சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் இம்முறையை வெளியிட்டார். அதன் விலைதான் எளியோர்க்கு எட்டாதது.

இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்க வைத்தியசாலைக்குச் செல்வோர் குறட்டையைப்பற்றி வாய் திறப்பது அரிது. உறங்குபவர் அறியாததை அறிந்தவள் மனைவி. எத்தனை விநாடி மூச்சு நின்றது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, அவளும் உடன்சென்று சொன்னால், வைத்தியருக்கு அது பெருந்துணையாகும்.